ஒரு படகும் மூன்று தொப்பிகளும்

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் என்னைப் பார்க்க மண்கும்பானுக்கு வந்திருந்தார்கள். இருவரும் நான் வேலையை விட்ட பிறகு சேர்ந்தவர்கள். என்னைப் பார்க்க வந்த வழியில் கடற்கரைக்குப் போனார்களா, கடற்கரைக்கு வந்த வழியில் என்னைப் பார்த்தார்களா என்று நான் கேட்கவில்லை. இருவரின் காலிலும் மணல் இருந்தது. மூத்தவளான தர்சினி கதிரையில் உட்காரும் முன்பே செய்தியைச் சொல்லிவிட்டாள்.

“ஐயா, தெரியுமே? உங்களுக்குப் பிறகு வந்த மற்றக் கடையும் மூடியாச்சு. இனி யாழ்ப்பாணத்தில ஒன்லைன் கடை எண்டால் நாங்கள் மட்டுந்தான். இனி லாபந்தானே?”

“ஆர் சொன்னது?”

“எல்லாரும் சொல்லினம். போட்டிக்கு ஆள் இல்லையெண்டால் லாபந்தானே? நீங்கள் கொமேர்ஸ் படிச்சனீங்கள், உங்களுக்குத் தெரியாதே?”

கொமேர்ஸ் படித்தவர்களிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. ஒருகாலத்தில் இதே கேள்விக்கு நான் மிகவும் தெளிவான பதில் வைத்திருந்தேன். அந்தப் பதிலால் ஒரு பெண் வேலையை இழந்தாள்.

கடை தொடங்கிய காலத்தைப் பற்றி ஒரு மலர் போடுகிறார்களாம். தீவுப் பக்கத்து அனுபவங்களை நான் எழுத வேண்டுமாம். “பம்பலா எழுதுங்கோ ஐயா, வாசிக்கிற ஆக்கள் சிரிக்கவேணும்” என்று தர்சினி சொன்னாள். சிரிக்கக்கூடிய பகுதிகளைச் சிரிக்கும்படி எழுதுகிறேன். மற்றப் பகுதியை எழுதாமல் விட்டால் சிரிக்கக்கூடிய பகுதியும் பொய்யாகிவிடும். மலரில் போடுவதா விடுவதா என்பது அவர்கள் பாடு.

நான் முப்பது வருடங்களுக்கு மேல் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தவன். வணிகமாணிப் பட்டத்தோடு போய்ச் சேர்ந்த என்னை முதல் ஆறு மாதம் சீனி மூட்டை பார்க்க விட்டார்கள். மழைக்காலத்தில் சீனி ஈரத்தை இழுத்துப் பாரம் கூடும், கோடையில் குறையும் என்பதைத் தவிர அங்கே புதிதாக ஒன்றும் படிக்கவில்லை. பிறகு முகாமையாளர் ஆனேன். இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம், கடை வந்தது, கடை போனது. ஓய்வு பெற்ற பின்பும் ஊரில் எல்லாரும் என்னை “மனேச்சர்” என்றே கூப்பிட்டார்கள். எதற்கும் முகாமையாளனாக இல்லாத ஒருவனை அப்படிக் கூப்பிடும்போது அவனுக்கு உள்ளே என்ன நடக்கும் என்பது கூப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது.

அந்த நிலையில்தான் கோகுலன் சேரின் கடையில் வேலை கிடைத்தது. அந்தக் கடைக்குக் கதவு கிடையாது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் போனில் படத்தைப் பார்த்து, அங்கேயே காசைக் கட்டி, ஊரில் இருக்கிற தாய் தகப்பனுக்கு கேக்கோ சேலையோ பழக்கூடையோ மிக்ஸியோ அனுப்பச் சொல்வார்கள். நாங்கள் யாழ்ப்பாணத்தில் அதை வாங்கிக் கட்டி, வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்போம். தீவுகளுக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. அறுபது வயதைத் தாண்டிய எனக்கு அவர்கள் தந்தவை ஒரு சிவப்புத் தொப்பியும் ஒரு போனும்.

கோகுலன் சேருக்கு என் வயதில் பாதி. லண்டனில் படித்தவர். அலுவலகத்தில் எல்லாருக்கும் கதிரை உண்டு, அவருக்கு இல்லை. காலை முதல் மாலை வரை நின்றுகொண்டே இருப்பார். யாராவது வந்து பேசினால் தலையை ஒரு பக்கம் சரித்து, முழுவதையும் கேட்டு, கடைசியில் “நல்லது” என்பார். லொறி பழுதாகிவிட்டது என்றாலும் நல்லது. பழக்கூடையில் மாம்பழம் அழுகிவிட்டது என்றாலும் நல்லது. என்னுடைய மாமியார் தவறியபோது லீவு கேட்டேன். அப்போதும் வாயில் அந்தச் சொல் வந்துவிட்டது. பிறகு மிகவும் வெட்கப்பட்டு, தானே வாகனம் ஓட்டிக்கொண்டு செத்த வீட்டுக்கு வந்தார். என் மனைவி அவரை அன்றே மன்னித்துவிட்டாள்.

அவருடைய சுவரில் ஒரு வெள்ளைப்பலகை இருந்தது. அதில் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற காந்தப் பொம்மைகள் மூன்று. மாம்பழம் நாங்கள். மீன் ஒரு கடை, வாத்து இன்னொரு கடை. மூன்று கடைகளும் ஒரே வேலையைச் செய்தன, மூன்றும் நட்டத்தில் ஓடின. ஒரு கடை தீவுக்கு இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுப்போம் என்றது. உடனே மற்ற இரண்டும் இலவசம் என்றன. ஒவ்வொரு கேக்கோடும் நாங்கள் கொஞ்சப் பணத்தையும் சேர்த்துக் கட்டி அனுப்பினோம் என்றே சொல்லலாம்.

“ஐயா, இது கயிறு இழுக்கிற மாதிரி. ஆர் கடைசி மட்டும் கயித்தை விடாமல் நிக்கிறானோ, அவனுக்குத்தான் லாபம்” என்று சேர் பலகையைக் காட்டிச் சொன்னார்.

அவர் என்னிடம் கேட்காமலே நான் அதற்கு விளக்கம் கொடுத்தேன். சந்தையில் ஒருவன் மட்டும் மிஞ்சினால் விலையை அவனே தீர்மானிப்பான், கேள்வி முழுவதும் அவனிடம் வரும், செலவு பகிரப்பட்டுக் குறையும் என்றேன். பல்கலைக்கழகத்தில் படித்தது பல வருடங்களுக்குப் பிறகு பயன்படுகிறதே என்று எனக்குச் சந்தோசம். சேர் தலையைச் சரித்துக் கேட்டு, “நல்லது” என்றார். நான் முகாமையாளனாக இருந்த சங்கக்கடைக்குப் பல வருடங்கள் ஊரில் போட்டியே இருக்கவில்லை, அப்படியிருந்தும் அது நட்டத்தில்தான் ஓடியது என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இனித் தொப்பிக் கதைக்கு வருகிறேன். நான் அங்கே வேலை செய்தவரை இதை அலுவலகத்தில் யாரும் அறியவில்லை.

காலையில் மூன்று கடைகளின் பட்டாக்களும், அதாவது அந்தச் சின்ன லொறிகளும், குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரும். நயினாதீவுக்குப் பிரச்சினை இல்லை. படகு அடிக்கடி ஓடும், போய்க் கொடுத்துவிட்டு அரை நாளில் திரும்பலாம். நெடுந்தீவு அப்படியல்ல. காலையில் ஏறினால் கடலில் ஒரு மணித்தியாலம், அங்கே வெயிலில் அலைச்சல், திரும்பப் படகுக்குக் காத்திருப்பு. நாள் முழுவதும் போய்விடும். கையில் இருப்பதோ இரண்டு பொதி, மிஞ்சினால் மூன்று.

மீன் கடைக்கு நேசன் என்று நயினாதீவு ஆள். வாத்துக் கடைக்கு யசிந்தா. நாரந்தனைக்காரி, நாற்பது வயதைத் தாண்டியவள். அவளுடைய புருசன் கடற்றொழிலுக்குப் போய் முதுகு அடிபட்டு வீட்டில் இருந்தான். அவளுடைய சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. நாங்கள் மூவரும் முதல் மாதம் ஒரே படகில், ஒருவரை ஒருவர் பார்க்காதது போல, ஆளுக்கு இரண்டு பொதியோடு நெடுந்தீவுக்குப் போய் வந்தோம். சோளகக் காற்றுத் தொடங்கி, படகு ஏறி இறங்கி, மூவரும் வாந்தி எடுத்த ஒரு நாளில் யசிந்தாதான் அதைச் சொன்னாள்.

“மனேச்சர், ஆறு பெட்டிக்கு மூண்டு பேர் சத்தியெடுக்க வேணுமே? ஒராள் எடுத்தால் காணாதே?”

அப்படித்தான் முறை வைத்தோம். திங்களும் வியாழனும் நேசன். செவ்வாயும் வெள்ளியும் யசிந்தா. புதனும் சனியும் நான். முறைக்காரர் மூன்று கடைப் பொதிகளையும் நெடுந்தீவுக்குக் கொண்டுபோவார், நயினாதீவுப் பொதிகளை மற்ற இருவரும் பார்த்துக்கொள்வார்கள். தீவில் இது புதிய பழக்கம் இல்லை. படகேறுகிற யாரிடமும் ஒரு பொருளைக் கொடுத்து இன்ன வீட்டில் கொடுத்துவிடு என்றால் அது போய்ச் சேரும். கொடுத்தவர் திரும்பிக் கேட்பதில்லை. கேட்டால் அது வாங்கினவருக்கு அவமானம்.

ஒரு சிக்கல் இருந்தது. பொதி போய்ச் சேர்ந்ததற்குச் சான்றாக, வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் ஒரே படத்தில், கொடுக்கிறவர் கடைத் தொப்பியோடு நிற்க வேண்டும் என்று மூன்று கடைகளிலும் சட்டம். ஆகவே முறைக்காரர் மூன்று தொப்பிகளையும் பையில் கொண்டுபோவார். எங்களுடையது சிவப்பு, யசிந்தாவுடையது மஞ்சள், நேசனுடையது பச்சை. வாசல் படலையைத் திறக்கும் முன் பொதியைப் பார்த்து, அதற்குரிய தொப்பியை மாட்டுவோம். நேசனுக்குத் தலை பெரிது. எங்கள் தொப்பி அவன் தலையில் இறங்காது, காகக் கூடு போல மேலே நிற்கும். யசிந்தா கொண்டைக்கு மேலே தொப்பியை வைத்துவிட்டு, காற்று அடிக்கும் முன் படம் எடுக்கச் சொல்லி அவசரப்படுத்துவாள். நெடுந்தீவுச் சனத்துக்கு எல்லாம் தெரியும். நாங்கள் வருகிறபோது “இண்டைக்கு எங்களுக்கு என்ன நிறம்?” என்று கேட்பார்கள்.

ஒருமுறை சுவிஸில் இருந்து ஒரு வாடிக்கையாளர் சேருக்கு எழுதியிருந்தார்: உங்கட ஆளும் மஞ்சள் கடை ஆளும் இரட்டைப் பிள்ளையளோ? சேர் என்னைக் கூப்பிட்டுப் படங்களைக் காட்டினார். இரண்டிலும் நான்.

“தீவுப் பக்கம் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம் சேர். முகச்சாயல் இருக்கும்” என்றேன்.

“நல்லது” என்றார்.

முதலில் விழுந்தது மீன் கடை. ஒரு காலை அதன் இணையப் பக்கம் திறக்கவில்லை, மறுநாளும் திறக்கவில்லை. நேசன் பச்சைத் தொப்பியை என்னிடம் தந்துவிட்டு, “மனேச்சர் அண்ணை, இனி என்ர தலைக்குக் காத்துப் படட்டும்” என்று சிரித்துக்கொண்டே நயினாதீவுக்குப் போய், கோயிலுக்கு வருகிறவர்களுக்கு ஆட்டோ ஓட்டத் தொடங்கினான். சேர் பலகையில் இருந்து மீனைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். அலுவலகத்தில் கொண்டாட்டமாக ஆளுக்கொரு ரோல்ஸ் சாப்பிட வந்தது.

அதற்குப் பிறகு நெடுந்தீவுக்கு நான் வாரத்தில் இரண்டு நாள் போவதற்குப் பதிலாக மூன்று நாள் போனேன். அதை என் கால்கள் கவனித்தன. கொமேர்ஸ் படித்த தலை கவனிக்கவில்லை.

ஒரு நாள் சேர் என்னைத் தனியே கூப்பிட்டார். கடைக்குப் பணம் போட்டவர்கள் வருட முடிவு வரைதான் பொறுப்பார்களாம்.

“வாத்தும் போயிட்டால் தீவுக்கெண்டு ஒரு கிளை போடலாம் ஐயா. நீங்கள்தான் கிளை முகாமையாளர்.”

இவ்வளவுதான் அவர் சொன்னது. யாருக்கும் எதுவும் செய் என்று அவர் சொல்லவில்லை. அந்த மனிதரின் மேல் ஒரு சொட்டும் பழி விழக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். குறிகட்டுவானுக்குத் திரும்பி வந்த பஸ்ஸில் நான் அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அது சித்திரை மாதம். சனிக்கிழமை, என் முறை. யசிந்தா ஒரு கேக் பெட்டியோடு எனக்காகக் காத்து நின்றாள். நெடுந்தீவில் அந்தோனிப்பிள்ளை என்பவருக்கும் அவர் மனைவி பிலோமினாவுக்கும் கலியாணம் முடித்து ஐம்பது வருடம். பிள்ளைகள் ஐந்து பேரும் வெளியில். கேக் வெட்டுவதை அவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வீடியோவில் பார்க்கப்போகிறார்கள். கனடாவில் இருக்கிறவர்கள் அதற்காக நித்திரை முழித்து இருக்கிறார்கள்.

கேக் கொண்டுபோவதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு, அதை உண்டாக்கியவளும் யசிந்தாதான். பெட்டிக்குள் ஐஸ் பைகள் இரண்டு. படகில் கீழ்த்தட்டில், இயந்திரத்துக்குத் தூரமான பக்கத்தில் இருக்க வேண்டும். பெட்டியை நிலத்தில் வைக்கக்கூடாது, மடியில் வைக்க வேண்டும். படகு ஆடினால் முழங்கால் அதோடு சேர்ந்து ஆடும், கேக் அசையாது. கையால் இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. கைச் சூட்டில் பட்டர் ஐசிங் இளகும்.

“மடியில வையுங்கோ மனேச்சர். ரண்டு பேரின்ர பேரும் எழுதிக் கிடக்கு. சரிஞ்சால் அந்தோனிப்பிள்ளை அண்ணை தனிச்சுப் போவார்” என்றாள் சிரித்தபடி.

நான் பெட்டியை வாங்கிக்கொண்டு படகில் ஏறினேன். ஏறி, ஏணியால் மேல்தட்டுக்குப் போனேன். அங்கே சீமெந்து மூட்டைகளும் இரண்டு சைக்கிள்களும் கிடந்தன. புகைபோக்கிக்குப் பக்கத்தில், நல்ல வெயிலில், பெட்டியை வைத்தேன்.

கீழே இடம் இருக்கவில்லை என்று எழுதலாம். மறதி என்றும் எழுதலாம். இடம் இருந்தது, மறக்கவும் இல்லை. நான் கீழே இறங்கி வந்து ஒரு மணித்தியாலம் வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் ஒன்று. படகு துறையை விட்டு விலகும்போது யசிந்தா கரையில் இருந்து பார்த்துவிட்டாள். மேல்தட்டைக் காட்டி, பிறகு தன் மடியைக் காட்டிச் சத்தம் போட்டாள். எனக்கு நன்றாகக் கேட்டது. இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை என்பது போல நான் காதுக்குக் கையை வைத்துக் காட்டினேன். இத்தனை வருடங்களாக என்னைத் தின்றது கேக்கை வைத்த கையைவிட, காதுக்கு வைத்த இந்தக் கைதான்.

நெடுந்தீவு வீட்டில் முற்றம் நிறையச் சனம். பிலோமினாக்கா கலியாணக் கூறையை எடுத்து உடுத்தியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் போனைப் பிடித்திருந்தார். அதற்குள் ஐந்து சின்னச் சதுரங்களில் ஐந்து குடும்பங்கள். நான் பழக்கத்தில் மஞ்சள் தொப்பியை மாட்டி, அதன் முனையை முகத்துக்கு இழுத்து விட்டுக்கொண்டு, பெட்டியை மேசையில் வைத்தேன்.

திறந்தார்கள். இரண்டு பெயர்களும் ஒன்றாகக் கலந்து ஒரு பக்கமாக வழிந்துபோய்க் கிடந்தன. சதுரங்கள் ஐந்தில் இருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் வந்தது. “அம்மா, அதை வெட்டாதேங்கோ!” என்றது ஒன்று. “இதுக்கே நான் விடிய விடிய முழிச்சிருந்தனான்?” என்றது இன்னொன்று.

அந்தோனிப்பிள்ளை அண்ணை கத்தியைக் கேக்கில் வைத்தார், அது தானே உள்ளே போனது. 

“குசினிக்க போய்க் கரண்டி எடுத்துக்கொண்டு வாருங்கோ. ஐம்பது வரியமா இவள் எனக்குத் தந்த பாயாசமும் இப்பிடித்தான் இருந்தது” என்றார்.

முற்றமே சிரித்தது. பிலோமினாக்காவும் சிரித்தார், ஆனால் கூறையின் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, நீர் இந்த வெயிலுக்க எங்களுக்காக வந்தனீர். தண்ணி குடிச்சிட்டுப் போம்” என்றார். தண்ணீரோடு ஒரு கிண்ணத்தில் அந்தக் கேக்கும் வந்தது. நான் சாப்பிட்டேன். நல்ல ருசியாக இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மகள் ஒருத்தி வீடியோவில் இருந்து படத்தைப் பிடித்து அன்றே பேஸ்புக்கில் போட்டாள். உருகிய கேக்கும் மஞ்சள் தொப்பியும் தெளிவாகத் தெரிந்தன. தொப்பிக்குக் கீழே முகம் தெரியவில்லை. அதுவரை எந்தப் படத்திலும் தொப்பிக்குக் கீழே பார்க்காத வாத்துக் கடை மேலிடம் யசிந்தாவைக் கூப்பிட்டு, தங்கள் தொப்பியைப் போட்டிருக்கிற இந்த ஆம்பிளை ஆர் என்று கேட்டது. தனக்குச் சுகமில்லாததால் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டதாகவும், பிழை தன்னுடையது என்றும் அவள் சொன்னாள். அன்றே வேலையில் இருந்து நிறுத்தினார்கள். திங்கட்கிழமை துறையில் அவளுக்குப் பதிலாக யாரும் வரவில்லை. பட்டாச் சாரதிதான் விசயத்தைச் சொன்னான்.

சில மாதத்தில் அந்தக் கடையும் மூடியது. ஒரு கேக்கால் அது விழுந்தது என்று எழுதினால் நான் என்னைப் பெரிய ஆளாக்குகிறேன் என்று ஆகும். அது ஏற்கெனவே சரிந்து நின்ற மதில். ஆனால் யசிந்தாவின் வேலையைத் தள்ளி விழுத்தியது நான்தான், அதில் சந்தேகம் இல்லை. சேர் வாத்தைக் கழற்றிக் கூடையில் போட்டார். இந்தமுறை ரோல்ஸோடு கேக்கும் வந்தது. எனக்குச் சீனி வருத்தம் என்று சொல்லிவிட்டேன்.

இனி எல்லாப் பொதியும் எங்களுக்கு. என் தத்துவப்படி இனி லாபம் வர வேண்டும்.

பொதிகள் கொஞ்சம் கூடின, உண்மைதான். இரண்டு, நான்காயிற்று. ஆனால் நெடுந்தீவுக்கு இப்போது கிழமையில் ஆறு நாளும் நான் போக வேண்டியிருந்தது. முறைக்கு ஆள் இல்லை. நெடுந்தீவில் நான் நிற்கிற நாளில் நயினாதீவுக்கு இன்னொருவர் வேண்டும் என்று ஓர் ஆளைச் சம்பளத்துக்கு எடுத்தோம். முன்பு மூன்று கடைகள் சேர்ந்து ஓட்டிய வேலையை இப்போது ஒரு கடை தனியே ஓட்டியது. போட்டிக்காரர்கள் என்று பலகையில் நாங்கள் ஒட்டி வைத்திருந்தவர்கள், எங்களுக்கே தெரியாமல், எங்கள் செலவில் மூன்றில் இரண்டு பங்கைச் சுமந்திருக்கிறார்கள். சேருக்கு இது விளங்கவே இல்லை. எப்படி விளங்கும்? தொப்பிக் கதையை அவருக்கு நான் சொல்லவில்லையே.

“ஐயா, ஆளில்லாத மைதானத்தில ஓடுறம். ஏன் மூச்சு வாங்குது?” என்று கேட்டார்.

“காத்து எதிராக் கிடக்கு சேர்” என்றேன். அதற்கு அவர் நல்லது என்று சொல்லவில்லை.

இலவசத்தை நிறுத்தி, கொண்டுபோகக் கூலி வைத்தோம். விலை இனி எங்கள் கையில்தானே! அப்போதுதான் பலகையில் இல்லாத ஒரு போட்டிக்காரர் எழும்பினார். பிள்ளைகள் எங்கள் பக்கத்தை விட்டுவிட்டு, ஊரில் ஒரு பெண்ணின் வட்ஸ்அப்புக்கு நேராகச் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். அக்கா, அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக் குடுக்கிறீங்களா? அவளுக்கு இணையப் பக்கம் இல்லை, லொறி இல்லை, தொப்பி இல்லை. யார் எதைத் தந்தாலும் ஒரே பையில் போட்டுக்கொண்டு படகேறினாள். அது யசிந்தா.

கடைசியில் சேரே ஒரு முடிவுக்கு வந்தார். நெடுந்தீவுப் பொதிகளை அவளிடமே கொடுத்துவிடலாம், பொதிக்கு இவ்வளவு என்று. கேட்டு வரச் சொல்லி என்னையே அனுப்பினார். யசிந்தா என்னைத் துறையில் நிற்க வைத்து, சொன்னதை முழுவதும் கேட்டாள். “ஓம் மனேச்சர். ஆனால் கேக் எண்டால் தனி விலை. அதை நான் மடியில வைச்சுக்கொண்டெல்லோ போகவேணும்” என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் விலையை எழுதிக்கொண்டு திரும்பினேன். 

அந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் தீவுப் பக்கத்தில் நட்டம் நின்றது. கூடவே எனக்கும் அங்கே வேலை நின்றது, கிளைக்கும் தேவை இல்லாமல் போயிற்று. நான் ஓய்வு பெற்றேன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். போட்டியில் வென்ற பிறகு ஓய்வு பெற்ற ஒரே ஆள் நானாக இருக்கும். கடைசி நாளில் சேரிடம் தொப்பிகளையும் கேக்கையும் எல்லாவற்றையும் சொன்னேன். தலையைச் சரித்துக் கேட்டார். பிறகு அலுவலகம் முழுக்கத் தேடி ஒரு கதிரையை இழுத்து அதில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

தர்சினி, உம்முடைய கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். ஒருவன் விழுந்தான் என்று பலகையில் இருந்து பொம்மையைக் கழற்றும் முன், அவன் உங்கள் பாரத்தில் எதைத் தூக்கிக்கொண்டு நின்றான் என்று ஒருமுறை பாரும்.

இதை எழுதி முடித்த பிறகு, அச்சில் வருவதற்கு முன் யசிந்தாவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போன கிழமை குறிகட்டுவானுக்குப் போனேன். அவள் பொதிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“யசிந்தா, உம்மட்டை ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு அந்தக் கேக்கை நான் வேணுமெண்டுதான் மேல வைச்சனான்.”

அவள் நிமிரவில்லை. “தெரியும் மனேச்சர்.”

“நீர் கத்தினதும் எனக்குக் கேட்டது.”

“அதுவும் தெரியும். காது கேளாத ஆள் கையை வைக்கமுன்னம் கொஞ்சம் யோசிக்கும். நீங்கள் நான் சொல்லி முடிக்கமுன்னமே வைச்சிட்டியள்.”

“பிறகேன் நீர் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“சொன்னால் முறை வைச்ச கதை வெளியில வரும். உங்கட வேலையும் போகும். ஒராளோட முடியட்டும் எண்டு விட்டனான்.” ஒரு பையின் வாயை இழுத்துக் கட்டினாள். “மூண்டு மாதம் வீட்டில உலை வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதை நீங்கள் உங்கட கட்டுரையில எழுதுங்கோ.”

எழுதிவிட்டேன்.

படகு ஊதியது. அவளிடம் ஒரு கேக் பெட்டி, இரண்டு பை, செய்தித்தாளில் சுற்றிய, பலகாரம் பொரிக்கிற ஒரு பெரிய இரும்புத் தாச்சி, கை இரண்டுதான். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“சும்மாதானே நிக்கிறியள்? ஏறுங்கோ.”

நான் கேக் பெட்டியை வாங்கக் கையை நீட்டினேன். அவள் அதை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, தாச்சியைத் தூக்கி என் கையில் வைத்தாள்.

“இதைப் பிடியுங்கோ. வெயிலில வைச்சாலும் உருகாது.”

கீழ்த்தட்டில், இயந்திரத்துக்குத் தூரமான பக்கத்தில், அருகருகே இருந்தோம். அவள் மடியில் கேக், என் மடியில் தாச்சி. எதிரே இருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நெடுந்தீவு வரும் வரை நான் அதை மடியை விட்டு இறக்கவில்லை. துறையில் எழும்பியபோது, தாச்சியில் பூசியிருந்த எண்ணெய் செய்தித்தாளைத் தாண்டி ஊறி, என் வெள்ளை வேட்டியில் கறுப்பாக ஒரு பெரிய வட்டம் போட்டிருந்தது.

யசிந்தா அதைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

“அசையாமல் நில்லுங்கோ மனேச்சர். போய்ச் சேர்ந்ததுக்குச் சான்று வேணுமெல்லோ?”

நின்றேன். தலையில் தொப்பி இல்லாததால் இந்தமுறை முகம் தெரிந்திருக்கும்.